காயாத கம்பளம்

ஹரலம்பியின் வீடு கிராமத்தின் மேட்டில், தேவாலயத்தையும் தாண்டி, கடைசி வீடாக இருந்தது. கீழே யாந்த்ரா ஆறு வெயிலில் சோம்பிக் கிடந்தது. கோடை முடிகிற சமயம் என்பதால் ஆற்றில் பாதிக்கு மேல் கல்லும் மணலும்தான். டெனிட்சாவும் அவள் தங்கை கலேனாவும் பேருந்திலிருந்து இறங்கி அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து வந்தார்கள். வழியெல்லாம் வீட்டு வாசல்களில் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கருகிய தோலின் மணம் தெருவை விட்டுப் போகாமல் நின்றது.

டெனிட்சா கிராமத்துப் பள்ளிகளுக்குப் போய்ப் பாட்டும் அக்கார்டியனும் சொல்லித் தருகிறவள். அந்தப் பள்ளிகளின் பக்கம் ஓடிய பேருந்தை இந்த வருடம் நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் அவளுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது.

ஹரலம்பி விலைக்குக் கொடுத்த வண்டி வாதுமை மரத்தடியில் நின்றது. திராட்சை ரச நிறத்தில், பின்பக்கம் நீண்ட பழைய கார். கலேனாவை விட வயதில் மூத்தது. ஹரலம்பி அறுபதைத் தாண்டிய, உயரமான, ஒல்லியான மனிதர். அவர் வாசற்படியை விட்டு இறங்கவே இல்லை. சாவியை அங்கிருந்தே தூக்கிப் போட்டார். எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது.

கலேனா பின்கதவைத் திறந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். கீழே விரித்திருந்த கம்பளத்துக்கு நிறம் என்று ஒன்று இல்லை. மிதித்து மிதித்துத் தோல் மாதிரி இறுகிப் போயிருந்தது.

"என்னங்க இது, உள்ள எருமையைக் கட்டிப் போட்டிருந்தீங்களா?"

தோட்டத்து மண், மிளகாய் மூட்டை ஏற்றிய அழுக்கு என்று ஹரலம்பி ஏதோ சொன்னார். டெனிட்சா குனிந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கப் போனாள். அப்போதுதான் அவர் குரல் மாறியது.

"அதைத் தூக்காதீங்கம்மா. மேல ரப்பர் மேட்டைப் போட்டுட்டு ஓட்டுங்க. கழுவினா காயாது."

அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி வெளிவாசலைத் தாண்டியபோது கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் படியிலிருந்து இறங்கினார்.

சகோதரிகள் இருவரும் நகரத்தில் ஒரே வீட்டில் இருந்தார்கள். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே தகர ஷெட்டுகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று அவர்களுடையது. சனிக்கிழமை காலை டெனிட்சா வண்டியை வெயிலில் நிறுத்தி, நான்கு கதவுகளையும் திறந்து வைத்து வேலையை ஆரம்பித்தாள். முதலில் வாக்குவம் போட்டாள். மணலும் விதையும் காய்ந்த இலைத் தூளும் சடசடவென்று குழாயில் ஏறின. பிறகு சோப்பு நுரையைப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத் துணியால் ஒற்றி, மறுபடி தேய்த்தாள். முன்பக்கம் சீக்கிரமே வழிக்கு வந்தது. அழுக்குக்கு அடியிலிருந்து மங்கிய நீலச் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அவளுக்கு உற்சாகமாகிவிட்டது.

பின்பக்கம், ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த பகுதி மட்டும் மசியவில்லை.

துணியை வைத்து அழுத்தினால் கறுப்பாகத் தண்ணீர் வந்தது. பிழிந்துவிட்டு மறுபடி அழுத்தினால் மறுபடி வந்தது. வாளியின் அடியில் வண்டல் படிந்தது. தோட்டத்து மண் அப்படி இருக்காது. விரலில் தேய்த்தால் மாவு போல வழுக்குகிற, ஆற்றின் அடியில் இருக்கும் மண். அதில் ஒரு குட்டி நத்தை ஓடு கிடந்தது.

பக்கத்து ஷெட்டுக்காரர் டோச்சோ, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாளியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வண்டியா வாங்கினே, மீன் தொட்டியா?"

மாலைக்குள் அதுவும் சுத்தமாகிவிட்டது. தொட்டால் காய்ந்திருந்தது. அன்று வீட்டில் கலேனா வெட்டி வைத்த தர்பூசணியைத் தின்றபடி, அழுக்கு எப்படிப் போனது என்று டெனிட்சா கதை கதையாகச் சொன்னாள். காயாது என்று சொன்ன கிழவருக்கு ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் காலை ஷெட்டைத் திறந்ததும் முதலில் அந்த வாடைதான் வந்தது. குளிர்ந்த சேற்றின் வாடை. வெயில் படாத பாலத்துக்கு அடியில் நின்றால் வருமே, அது.

கம்பளத்தில் அதே இடத்தில், அருகருகே, இரண்டு ஈரத் திட்டுகள்.

ஈரக் காலோடு யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கிறது என்று கலேனா சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை. கதவு ரப்பர் போயிருக்கும் என்றார் டோச்சோ. டெனிட்சா டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்துகொள்ள, அவர் குழாயைப் பிடித்து வண்டியின் மேல் எல்லாப் பக்கமும் தண்ணீர் அடித்தார். கூரையில் மழை போலச் சத்தம் வந்தது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. கண்ணாடி ஓரம், கதவு ஓரம், எதிலும் கசிவு இல்லை. டோச்சோ குழாயைச் சுருட்டிக்கொண்டே தலையைச் சொறிந்தார்.

டெனிட்சா மறுபடி கழுவினாள். மறுபடி காய வைத்தாள். காலையில் மறுபடி ஈரம்.

பள்ளிகள் திறந்தன. கணக்கு டீச்சர் ஸ்பாஸ்கா அதே பள்ளிகளுக்குப் போகிறவள். முதல் நாள் டெனிட்சாவோடு வந்தாள். முன் இருக்கையில் அக்கார்டியன் பெட்டி இருந்ததால் பின்னால் ஏறிக்கொண்டாள். வாய் ஓயாத பெண். ஊரைத் தாண்டியதும் பேச்சு நின்றுபோனது. டெனிட்சா கண்ணாடியில் பார்த்தாள். ஸ்பாஸ்கா இரண்டு கால்களையும் இருக்கையின் மேல் தூக்கி வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் ஸ்பாஸ்கா, காலை மேல வச்சிருக்கே?"

அவள் குனிந்து தன் கால்களையே புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். "தெரியலையே" என்றாள் மெதுவாக. "கீழ வைக்கத் தோணலை."

இறங்கிய பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். உள்ளே ஏதாவது சாமான் இருக்கிறதா, பக்கத்திலிருந்து யாரோ முழங்காலால் இடிக்கிற மாதிரியே இருந்தது என்று கேட்டாள். மறுநாளிலிருந்து அவள் வேறு வண்டியில் போக ஏற்பாடு செய்துகொண்டாள்.

அதன் பிறகு டெனிட்சாவுக்கு நிலைகொள்ளவில்லை. தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் உடை கூட மாற்றாமல் வாளியைத் தூக்கினாள். சோடா மாவைத் தூவிப் பார்த்தாள். வினிகரை ஊற்றிப் பார்த்தாள். சோப்பு பட்டுப் பட்டு விரல் நுனிகளில் தோல் உரிந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. பாத்திரம் கழுவும்போது குழாயை மூடிவிட்டு, எங்கேயோ சொட்டுகிறது என்று காது கொடுத்துக் கேட்பாள். எங்கேயும் சொட்டவில்லை. பால்கனிக்குப் போய் ஷெட்டின் தகரக் கூரையைப் பார்த்துவிட்டு வருவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி போவாள்.

கலேனா கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். பொறுமை அவளுக்கு அளவோடுதான்.

"அக்கா, அந்தக் கார்பெட்டை மொத்தமாப் பேத்து எடுத்துக் குப்பையில போடு. இல்லேன்னா உன்னைத்தான் நான் பேத்து எடுக்கணும்."

அது சரியாகவே பட்டது. அடுத்த சனிக்கிழமை மதியம், நல்ல வெயிலில் வண்டியை வெளியே நிறுத்தினார்கள். டோச்சோ தன் ஷெட்டு வாசலில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். கலேனா கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து தோல் உரித்துக் கொடுத்தாள். டெனிட்சா பின்னிருக்கையின் மெத்தையைக் கழற்றி வெளியே வைத்தாள். திருப்புளியோடு உள்ளே போய் மண்டியிட்டு, கதவோரத்துப் பட்டையை நெம்பினாள். கம்பளத்தின் ஒரு முனை தளர்ந்தது.

கதவு மூடிக்கொண்டது.

வேகமாக அல்ல. யாரோ குளிருக்காக அக்கறையோடு சாத்துவது போல. கலேனாதான் சாத்தினாள் என்று நினைத்தாள் டெனிட்சா. நிமிர்ந்து பார்த்தாள். கலேனா பெட்டியின் மேலேயே இருந்தாள், கையில் மிளகாயோடு.

முழங்கால் சில்லிட்டது.

கம்பளத்திலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. முழங்காலைச் சுற்றி, மணிக்கட்டைச் சுற்றி, சத்தமே இல்லாமல் ஏறியது. பழுப்பு நிறம். உள்ளே வெளிச்சமும் பழுப்பாக மாறியது. கதவுக் கைப்பிடியை இழுத்தாள். அது லேசாக வந்துவிட்டுப் போனது. கதவு அசையவில்லை. அடுத்த கதவும் அப்படியே. கண்ணாடியை இறக்கும் பிடியைச் சுற்றினாள். பிடி சுற்றியது. கண்ணாடி இறங்கவில்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். கலேனா தலையைத் தூக்கினாள். நேராக அவளைப் பார்த்தாள். டோச்சோ சொன்ன எதற்கோ சிரித்துவிட்டு மறுபடி குனிந்து மிளகாயை உரித்தாள்.

மார்புக்கு வந்தது.

அப்போது மேலே சத்தம் கேட்டது.

கூரையின் மேல் யாரோ நின்றார்கள். தகரம் அமுங்கும் சத்தம். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்கும் சத்தம். டெனிட்சா தலைக்கு மேலே கூரையில் குத்தினாள். கத்தினாள். மேலே இருந்த கால்கள் ஒரு கணம் அசையாமல் நின்றன.

பிறகு அவை மெதுவாக நகர்ந்து, கூரையின் அந்தப் பக்கத்துக்குப் போய் நின்றுகொண்டன.

தண்ணீர் முகவாயைத் தொட்டது. கழுத்தை நிமிர்த்தி, கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே மிச்சமிருந்த காற்றை உறிஞ்சினாள். அதில் மண் வாடை அடித்தது.

தண்ணீருக்கு அடியில் ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

சின்னக் கை. விரல்கள் விறைத்திருந்தன. அது அவளைக் கீழே இழுத்தது. அவள் உதறினாள். அது விடவில்லை. ஆனால் அதில் கொலைவெறி இல்லை. அவசரம் இருந்தது. அவள் விரல்களைக் கம்பளத்தின் தளர்ந்த முனைக்கு அடியில் கொண்டுபோய், தரைத் தகட்டில் வட்டமாக இருந்த ஒன்றின் மேல் வைத்து அழுத்தியது. ரப்பர் மூடி. வண்டிக்குள் தண்ணீர் தேங்கினால் திறந்துவிடுவதற்கான அடைப்பு. அதைச் சுற்றி இருந்த தகடு முழுக்கக் கீறல். வண்ணம் உரிந்து இரும்பு வரை போன கீறல்கள்.

டெனிட்சாவுக்குப் புரிந்தது. தலை தண்ணீருக்குள் போய்விட்டது. திருப்புளி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நகத்தாலேயே ரப்பரின் விளிம்பைக் கிள்ளினாள். நகம் மடங்கியது. மறுபடி கிள்ளினாள். அந்தக் கையும் கூடவே கிள்ளியது.

அடைப்பு பிடுங்கிக்கொண்டு வந்தது.

கலேனா பிறகு சொன்னது இது. அக்கா உள்ளே குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள், அமைதியாக இருந்தாள். தான் ஒரு மிளகாயை உரித்து முடித்து அடுத்ததை எடுப்பதற்குள் கதவு திறந்து அக்கா சரளைக் கல்லில் வந்து விழுந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. கையையும் காலையும் ஊன்றிக்கொண்டு, பழுப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தாள்.

வண்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. கட்டைவிரல் பருமனுக்கு ஓயாமல் கொட்டியது. ஷெட்டுகளுக்கு நடுவே ஓடை போல இறங்கி, சாக்கடை மூடி வரை போனது. ஒரு கம்பளத்தில் அவ்வளவு தண்ணீர் எப்படி இருக்கும்? வெயில் சாயும் வரை ஓடியது. ஒரு பொடி மீன் புழுதியில் துள்ளிவிட்டு அடங்கியது. எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் டோச்சோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் நின்ற பிறகு கலேனா எட்டிப் பார்த்தாள். அந்த வட்டத் துளையைச் சுற்றி இருந்த கீறல்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பொருந்தின. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"பொம்பளைக் கைதான்க்கா" என்றாள்.

டெனிட்சா அன்று இரவு முழுக்கப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் அடைப்பைப் பிடுங்கியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. வண்டிக்கு வெளியேயும் தண்ணீர்தானே இருந்திருக்கும். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். செய்வதற்கு வேறு எதுவும் மிஞ்சாதபோது கை சும்மா இருக்குமா? அது டெனிட்சாவுக்குப் புரிந்தது. புரியாதது மேலே நின்ற கால்கள்தான்.

மறுநாள் அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஹரலம்பியின் கிராமத்துக்குப் போனார்கள். கம்பளம் சருகாகக் காய்ந்திருந்தது. வாடையும் இல்லை. கலேனா முன்னால்தான் உட்கார்ந்தாள். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆற்றோரக் கீழ்த்தெருவில் ஒரு கடையில் நிறுத்தித் தண்ணீர் வாங்கினார்கள். கடைச் சுவரில் மார்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. சில வருடங்களுக்கு முன் ஆறு பெருகியபோது தண்ணீர் நின்ற அளவு அது, எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாலும் தெரிகிறது என்றாள் கடைக்காரி. வெளியே நின்ற வண்டியைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. அந்த வெள்ளத்தில் இந்தக் கார்தான் மாட்டியது என்றாள். ஹரலம்பியும் அவர் மனைவி நெதியால்காவும் சந்தையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் கோழிக்குஞ்சுப் பெட்டிகள் இருந்ததால் அந்த அம்மாள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆற்றுப் பாதையில் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. மீட்புப் படகு போனபோது ஹரலம்பி கார்க் கூரையின் மேல் நின்றுகொண்டிருந்தார். அவர் முழங்கால் வரை தண்ணீர். நெதியால்காவை மறுநாள்தான் எடுத்தார்கள். யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவர் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை.

மேட்டு வீட்டில் ஹரலம்பி கதவைத் திறந்தார். அவர்களைப் பார்க்கவில்லை. வெளிவாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு சமையலறைக்கு அழைத்துப் போய், பூப்போட்ட ரெக்சின் விரித்த மேசையில் உட்கார வைத்தார். வண்டி பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், விட்டுவிட்டுப் போங்கள், ஆனால் இங்கே நிறுத்த வேண்டாம் என்றார்.

"வண்டியைத் திருப்பிக் கொடுக்க வரலை" என்றாள் டெனிட்சா. "ஒண்ணு கேக்கணும். நீங்க மேல நின்னப்போ, அவங்க தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"கேட்டுச்சு" என்றார் ஹரலம்பி.

மிச்சத்தையும் சொன்னார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"என் காலுக்கு நேர் கீழ தட்டினா. காலு கூசுச்சு. கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டேன்."

கலேனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹரலம்பியின் பார்வை டெனிட்சாவின் கைக்கு வந்தது. நகம் பிய்ந்து, துணி சுற்றிய விரல்கள்.

"அடைப்பைப் பிடுங்கிட்டீங்களா?"

"பிடுங்கிட்டேன்."

"அதைத் தூக்காதீங்கன்னு சொன்னேனே" என்றார், யாரையும் குறை சொல்லாத குரலில். "அதுக்குள்ள இருந்தா. இனி இருக்க மாட்டா."

சொல்லிக்கொண்டே, தான் செய்வது தனக்கே தெரியாதவர் போல, இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து எடுத்து நாற்காலியின் குறுக்குக் கட்டையின் மேல் வைத்துக்கொண்டார்.

அவர்கள் வெளியே வந்தார்கள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக, அக்கறையோடு.

வண்டியில் ஏறப் போன கலேனா நின்றுவிட்டாள். சமையலறை ஜன்னலில் ஹரலம்பி தெரிந்தார். மேசையின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். உத்தரம் தலையில் இடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சாய்த்திருந்தார். தரையைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏறியது.

"போகலாம்க்கா" என்றாள் கலேனா, உதடு அசையாமல். "அவரு செஞ்சதுக்கு அவரே பதில் சொல்லட்டும்."

டெனிட்சா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கையை உயர்த்திக் கூரையைத் தட்டுவது தெரிந்தது. முகவாய் நிமிர்ந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் எதுவும் வெளியே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மிளகாய் உரித்துக்கொண்டிருப்பதும் அவளால் முடியாது.

ஓடினாள். கதவு பூட்டியிருக்கவில்லை. கைப்பிடி திரும்பியது, கதவு அசையவில்லை. பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்து ஜன்னலில் அடித்தாள். கண்ணாடி நொறுங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. காபி கருகிய வாடைதான் வந்தது.

ஹரலம்பி மேசையிலிருந்து ஜன்னல் விளிம்பில் சரிந்தார். கலேனாவும் ஓடி வந்து பிடித்தாள். இருவரும் அவரை இழுத்துப் புல்லில் போட்டார்கள். அவர் ஒருக்களித்துப் படுத்து, இருமி இருமிப் பழுப்புத் தண்ணீரைக் கக்கினார். சட்டை காய்ந்திருந்தது.

டெனிட்சா உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். தரையில் தூசி அப்படியே இருந்தது. ஆனால் நான்கு சுவரிலும், மேசையின் மேல் நிற்கும் மனிதனின் வாய் உயரத்துக்கு, நேராக ஒரு சேற்றுக் கோடு. கீழ்த்தெருக் கடையில் பார்த்தது போலவே. வெள்ளம் எட்டிப் பார்க்காத மேட்டு வீடு அது. ஜன்னல் விளிம்பில் ஏறிக் கையை நீட்டித் தொட்டாள். ஈரமாக இருந்தது.

ஹரலம்பி அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவில்லை. நகரத்தில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருந்த அவர் தங்கை பென்கா வந்து அழைத்துப் போனாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஜன்னலை உடைத்துக் காப்பாற்றிய பெண்கள் என்றே அவள் இவர்களை நினைத்தாள். இரண்டு பேருக்கும் ஊறுகாய் ஜாடிகள் கொடுத்து அனுப்பினாள்.

வண்டி அதன் பிறகு தொந்தரவு செய்யவில்லை. டெனிட்சா அதே கம்பளத்தைத்தான் திரும்ப விரித்தாள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போனால் சாதாரணச் சேறு படியும். அதைச் சாதாரணமாகக் கழுவினால் போய்விடும். ஸ்பாஸ்கா கூட மறுபடி வர ஆரம்பித்தாள், முன் இருக்கையில்.

முதல் பனி விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பென்கா போன் செய்தாள். உடம்பு எப்படி, பள்ளி எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி விஷயத்துக்கு வந்தாள்.

"நீதான் கறையெல்லாம் நல்லா எடுப்பியாமே. சுவத்துல சேறு படிஞ்சா எதைப் போட்டுத் தேய்க்கணும்மா?"

டெனிட்சா உட்கார்ந்தாள். எந்த அறையில் என்று கேட்டாள்.

"அண்ணன் படுக்கிற ரூம்லதான். நாலு பக்கமும் கோடு போட்ட மாதிரி இருக்கு. நேத்து கணுக்கால் உயரத்துல இருந்துச்சு, தேய்ச்சு எடுத்துட்டேன். இன்னைக்குப் பாத்தா முழங்காலுக்கு மேல வந்திருக்கு. மேல் மாடிக்குச் சேறு எங்கேருந்து வரும், நீயே சொல்லு."

"அண்ணன் எங்க இருக்காரு?"

"அவரா, கட்டில் மேல ஏறி நிக்கிறாரு. இறங்குங்கன்னா இறங்க மாட்டேங்கிறாரு."

"பென்கா அக்கா" என்றாள் டெனிட்சா. "நீங்க போய் வாசக்கதவைத் திறந்து வைங்க. இப்பவே."

பென்கா சிரித்தாள். குளிரில் எதற்குக் கதவைத் திறப்பது என்று முணுமுணுத்தாள். சரி, இரு என்று சொல்லிவிட்டு போனை மேசையில் வைத்தாள். செருப்புச் சத்தம் நடையில் போனது. கைப்பிடி திரும்பும் ஓசை கேட்டது.

மறுபடியும் கேட்டது.

மறுபடியும்.